சித்தப்பாவின் பெல்ட்டும் யாரும் திறக்காத இன்பாக்ஸும்

பள்ளிகொண்டா எல்லோருக்கும் தெரியும், டோல்கேட் புண்ணியத்தில். ஆம்பூரும் தெரியும், பிரியாணி புண்ணியத்தில். எங்கள் அணைக்கட்டைத்தான் ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. இந்தப் பக்கத்திலிருந்து காலையில் ஷூ கம்பெனி வேலைக்கு பஸ் ஏறுபவர்கள் நிறையப் பேர். என் சித்தப்பாவும் அப்படி ஆம்பூருக்குப் போய் 16 வருடம் கட்டிங் டேபிளில் நின்றவர். இப்போது வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, மூன்று பேரை வைத்துக்கொண்டு பெல்ட், பர்ஸ், செருப்பு தைக்கிறார்.

2022-ல் அவர் 18 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு இணையதளம் செய்தார். செய்து கொடுத்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. போன மே மாத விடுமுறையில் அந்தத் தளத்தின் 'தொடர்புக்கு' படிவம் எங்கே போகிறது என்று சும்மா தோண்டிப் பார்த்தேன். யாரும் ஒருமுறைகூடத் திறக்காத ஒரு மெயில் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்துத் திறந்தால் 23 கடிதங்கள். பாதிக்கு மேல் குப்பை. ஒன்று மட்டும் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலிலிருந்து. ஊழியர்கள் யூனிஃபார்முக்கு 150 கறுப்பு பெல்ட் வேண்டும், என்ன விலை என்று கேட்டிருந்தார்கள். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் போன் போட்டேன். "வேற இடத்துல வாங்கிட்டோம் தம்பி" என்றார்கள், மரியாதையாகத்தான்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நூத்தம்பதா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. சின்னத் தொழில் செய்பவர்களின் இணையதளத்தை மேம்படுத்துவது எப்படி என்று தேடினால் ஸ்லைடர் போடு, அனிமேஷன் போடு, கீவேர்ட் போடு என்று ஆயிரம் அறிவுரை வரும். என் கருத்து வேறு. கடைக்கு போன் செய்பவன் என்ன கேட்கிறானோ அதற்குப் பதில் சொல்வதுதான் தளத்தின் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

அதனால் நான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சித்தப்பா பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். போனில் யார் என்ன கேட்டாலும் எழுதிக்கொண்டேன். (முதல் நாள் "இன்னாடா, என்னைய வேவு பாக்குறியா?" என்றார்.) ஒரு வாரத்தில் கிடைத்தது ஆறே கேள்விகள்தான், திரும்பத் திரும்ப. அசல் தோலா? என்ன விலை? என் இடுப்புக்கு எந்த அளவு? கூரியர் செலவு எவ்வளவு? பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா? கடை எங்கே இருக்கிறது? இந்த ஆறில் ஒன்றுக்குக்கூட எங்கள் தளத்தில் பதில் இல்லை. அதற்குப் பதில் வெளிநாட்டில் யாரோ எடுத்த ஷூ படம் ஒன்று இருந்தது. "எங்கள் இணையதளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" இருந்தது.

விலை விஷயத்தில் சித்தப்பாவோடு ஒரு சண்டையே நடந்தது. "ரேட்டு போட்டா அடுத்த கடைக்காரன் பாத்துருவான்" என்கிறார். அடுத்த கடைக்காரனுக்கு அது ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருப்பது வாங்க வருகிறவனுக்கு மட்டும்தான். விலை இல்லாத பக்கத்தைப் பார்ப்பவன் போன் செய்து கேட்பான் என்று நாம் நினைக்கிறோம். பத்தில் ஒருவன் கேட்பானா என்பதே எனக்குச் சந்தேகம். தவிர, இது இப்போது நம் இஷ்டமும் இல்லை. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, ஆன்லைனில் தன் சரக்கைத் தானே விற்பவர் மொத்த விலை, மாற்றித் தரும் விதம், பணம் திரும்பக் கொடுக்கும் விதம், முகவரி, தொடர்பு எண் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

'அசல் தோலா' என்ற கேள்விதான் இந்தத் தொழிலில் சுவாரஸ்யமானது. 'ஜென்யூன் லெதர்' என்று எல்லோரும் போடுகிறார்கள். ரெக்சின் விற்பவரும் போடுகிறார். யாரும் நம்புவதில்லை. ஆனால் சித்தப்பா கடையில் நேரில் கேட்பவர்களுக்கு அவர் ஒரு காரியம் செய்வார். வெட்டிய துண்டின் ஓரத்தைக் காட்டுவார். அசல் தோலின் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்சினில் துணியும் அதன்மேல் பூச்சும் தனித்தனியாகத் தெரியும். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி விரலால் தேய்க்கச் சொல்வார். இதை ஏன் தளத்தில் போடவில்லை என்று கேட்டேன். "இதெல்லாம் போய் யாருடா பாப்பாங்க?" இதைத்தான் பார்ப்பார்கள்! ஒவ்வொரு பெல்ட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம், வெட்டிய ஓரம் என்று மூன்று படம் எடுத்தேன். ஷெட் வாசலில், காலை வெயில் நேராக விழாத நிழலில், போனிலேயே. எருமையா, மாடா, ஆடா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், குரோம் பதனிட்டதா பட்டையில் பதனிட்டதா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பட்டைத் தோல் வெயிலும் கையும் பட்டு நாளாக நாளாகக் கறுத்து வரும் என்பதையும் எழுதினேன். முன்பே சொல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "சாயம் மாறிடுச்சு" என்று போன் வரும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கழற்றவும் வேண்டியிருந்தது. தளம் செய்தவர் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு அப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் பேசும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாறு மறுபடி உச்ச நீதிமன்றத்தில். சித்தப்பா தோலை மண்டியில் வாங்குகிறார். எந்த டேனரியில் பதனிட்டது என்பது பாதி நேரம் அவருக்கே தெரியாது. தெரியாததை எழுதாமல் இருப்பதும் தளத்தை மேம்படுத்துவதுதான்.

அளவுக்கு வருகிறேன். திரும்பி வரும் பார்சலில் பெரும்பாலானவை அளவு பொருந்தாதவை. பெல்ட்டுக்கு வழி எளிது. பேன்ட் சைஸ் சொல்லாதீர்கள், இப்போது போடும் பெல்ட்டில் பக்கிள் முள் தொடங்கும் இடத்திலிருந்து நீங்கள் மாட்டும் ஓட்டை வரை அளந்து அனுப்புங்கள் என்று ஒரு கோட்டுப்படத்தோடு போட்டுவிட்டேன். செருப்பு கொஞ்சம் சிக்கல். இங்கே புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டிலுமே எண் நீளத்தைத்தான் சொல்கிறது, அகலத்தை அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்து, நமக்கென்று 'பா' என்ற அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. நம் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்த விஷயம். எங்கள் தளத்தில் இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஏதுமில்லை. வெள்ளைத்தாளில் பாதத்தை வைத்து பென்சிலால் கோடு போடுங்கள், நீளமும் அகலமும் சென்டிமீட்டரில் வாட்ஸ்அப் செய்யுங்கள். அவ்வளவுதான்.

பிறகு, அந்த 'உறுப்பினராகப் பதிவு செய்க' கட்டம். ஒரு பெல்ட் வாங்க ஒருவன் எதற்காகக் கணக்கு தொடங்க வேண்டும்? ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க வல்லுநர் 2009-ல் எழுதிய கட்டுரை இணையத்தில் பிரபலம். ஒரு பெரிய கடையின் தளத்தில், பணம் கட்டும் முன் பதிவு செய்யச் சொல்லும் பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று போட்டார்களாம். வாங்கியவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் வருடத்தில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர் என்று எழுதுகிறார். நமக்கு டாலர் வராது. நான் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். போன் எண் அதுவரை படமாக இருந்தது. தொட்டால் அழைப்பு போகாது, நகலெடுக்கவும் முடியாது. அதையும் எழுத்தாக மாற்றினேன். படிவத்தை அடியோடு தூக்கிவிட்டேன், 23 கடிதம் போதும்.

தமிழ்ப் பக்கம் ஒரு தனிக்கதை. ஊர் பிரஸ்ஸில் நோட்டீசுக்குப் பழைய எழுத்துருவில் அடித்த வாசகத்தை அப்படியே ஒட்டியிருந்தார்கள். யூனிகோட் இல்லாததால் போனில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை! எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க ஐந்து நிமிடம்.

வேகமும் அப்படித்தான். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்துச் சேமித்தால் 200 கே.பி.க்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டிக்கொண்டிருந்தது. 2018 ஜூலையிலிருந்து சான்றிதழ் இல்லாத தளங்கள் எல்லாவற்றுக்கும் அப்படிக் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். அதற்குத் தனியாக வருடம் இரண்டாயிரம் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை பயமுறுத்தியது டொமைன். அது சித்தப்பா பெயரில் இல்லை, செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தது. நாளைக்கு அவர் புதுப்பிக்காவிட்டால், அல்லது கோபித்துக்கொண்டால், போர்டில் பெயின்ட் அடித்த முகவரி, கவரில் அச்சடித்த முகவரி எல்லாம் வேறு யாருக்கோ சொந்தம். இலவசமும் நிரந்தரமில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் மூலம் பல கடைக்காரர்கள் இலவசமாக வைத்திருந்த தளங்களை அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. மேப்பில் கடை இருக்கும், தளம் இருக்காது. (மேப்பில் கடையைப் பதிவது கட்டாயம் செய்யுங்கள், 'கடை எங்கே' என்ற கேள்வி அதோடு தீரும்.) டொமைனை சித்தப்பா பெயருக்கு மாற்ற மூன்று வாரம், பதினொரு போன், ஒரு பிரியாணி செலவானது. இப்போது புதுப்பிக்கும் தேதி ஷெட் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது.

எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வெற்றி கிடைக்கவில்லை. அந்த வெளிநாட்டு ஷூ படத்தை எடுக்க சித்தப்பா விடவில்லை. "அது இருக்கட்டும்டா, பளிச்னு இருக்குது" என்கிறார். பக்கத்தின் அடியில் சின்னதாக வைத்திருக்கிறேன், அதுவும் 60 கே.பி.தான். கோயம்புத்தூர் ஓட்டலுக்கு ஒரு சாம்பிள் பெல்ட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறோம், அடுத்த வருட யூனிஃபார்முக்கு. பதில் இன்னும் வரவில்லை. மெயிலை இப்போது தினமும் காலையில் சித்தப்பாவே திறந்து பார்க்கிறார்.