முதியோருக்கு வெறும் கஞ்சியா?

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. 65 வயதைக் கடந்தவர்கள் அவசியமின்றி வெளியே வரக்கூடாது என்றும் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் அந்த உத்தரவை நாம் குறை கூறவில்லை. உள்ளே இருந்தவர்கள் எதைத் தின்றார்கள்?

ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுத்தது மத்திய சர்க்கார். பருப்போ, குடும்பத்துக்கே மாதம் 1 கிலோ! ஐந்து பேர் வீட்டில் ஒருவருக்கு நாளைக்கு 7 கிராம்கூடத் தேறாது. கஞ்சி வயிற்றை நிரப்பும். நடமாட்டமின்றி முடங்கிய முதிய உடலில் சதை கரைவதைத் தடுக்காது. அதற்குப் பருப்பும் முட்டையும் வேண்டும். ஆயுள் முழுதும் நெல் அறுத்த கிழவி எதைக் கொண்டு வாங்குவாள்? 79 வயது வரை மத்திய சர்க்காரின் முதியோர் பென்ஷன் மாதம் 200 ரூபாய். ஊரடங்குக்கென்று 1000 ரூபாயை இரு தவணையாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்!

பென்ஷனை உயர்த்து, பருப்பையும் முட்டையையும் முதியோர் வாசலுக்கே கொண்டு வா என்று ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இப்போதே கோர வேண்டும்.