விற்ற பிறகு பூட்டலாமா?

வீட்டை விற்றவர், பிறகு வந்து ஓர் அறையைப் பூட்டினால் சும்மா இருப்போமா?

மடிக்கணினியில் திரைப் படங்களை உருவாக்குவது கிராபிக்ஸ் சிப். அதை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். குறித்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில், என்விடியா நிறுவனத்தின் புதிய டிரைவரைப் போட்டவர்கள் திகைத்தார்கள். 900எம் வரிசைச் சிப்புகளில் வேகத்தைக் கூட்ட முடியவில்லை! "மடிக்கணினி அதற்காகச் செய்யப்பட்டது அல்ல, சூட்டினால் கெட்டுவிடும்" என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் பணிந்தது. மறு மாத டிரைவரில் அந்த வசதியைத் திருப்பித் தருவதாக அதே மாதம் அறிவித்தது.

சூடு பற்றிய எச்சரிக்கை சரிதான். மெல்லிய பெட்டிக்குள் காற்று ஓட இடம் குறைவு. ஆனால், எச்சரிப்பது வேறு, பூட்டுவது வேறு. புதிய டிரைவர் எதைத் தருகிறது, எதை எடுக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்வது விற்றவர் கடமை.

வாங்கியவருக்கும் கடமை உண்டு. திரை தடுமாறுகிறதா? முதலில் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறையுங்கள். புதிய டிரைவர் போட்ட பிறகு தொல்லையா? முந்திய டிரைவருக்குத் திரும்புங்கள். விண்டோசில் அதற்கு வழி இருக்கிறது.

பொருள் நம்முடையது. அதைக் காப்பதும் நம் பொறுப்பே!