மூலத்தைப் பேணுக

சென்ற கிழமை மாணவன் ஒருவன் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தான். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ என்னும் கணினி விளையாட்டிலே, கற்சுவர் ஒன்றின் மேற்பரப்புப் படத்தைத் தன் விருப்பப்படி மாற்றித் தீட்ட முனைந்தவன் அவன். பத்து இரவுகள் உழைத்தானாம். திருத்துந்தோறும் நிறம் மங்கி, படம் கட்டங்கட்டமாய்ச் சிதைந்ததாம்.

காரணம் யாது? அவ்விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் டி.டி.எஸ். என்னும் வகைக் கோப்புகளாக உள்ளன. அவற்றில் வழங்கும் டி.எக்ஸ்.டி.1 என்னும் முறை, படத்தைப் பதினாறு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வகுக்கின்றது. ஒவ்வொரு சதுரத்திற்கும் இரண்டு நிறங்களே எழுதப்படும். இடைநிறங்கள் இரண்டு அவற்றிலிருந்து கணிக்கப்படும். இதனால், 2048 புள்ளி நீளமும் அத்துணை அகலமும் உடைய படம் 16 மெகாபைற்றிலிருந்து 2 மெகாபைற்றாகச் சுருங்குகின்றது. கணினியின் நினைவகத்துக்கு இலாபம்; ஓவியனுக்கோ நட்டம். கழிந்த நிறம் மீளாது. நம் மாணவன் சுருங்கிய கோப்பையே திறந்து, திருத்தி, மறுபடியும் சுருக்கிவந்தான். முதற் பிரதியையோ அழித்துவிட்டான்.

மாணவர்களே, தொடக்கத்திலேயே படத்தைப் பி.என்.ஜி. போன்ற இழப்பற்ற கோப்பாக மாற்றி, திருத்தம் யாவற்றையும் அதிலேயே செய்யுங்கள். வேலை முற்றும் முடிந்தபின் ஒருமுறை மாத்திரம் டி.டி.எஸ். ஆக்குங்கள். தூரத்துத் தோற்றத்துக்கு வேண்டிய சிறு பிரதிகளையும் அப்பொழுதே சேர்த்துவிடுக. கோப்பு மூன்றில் ஒரு பங்கே பெருக்கும்.

அவன் இப்பொழுது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். மூலத்தைப் பத்திரப்படுத்திய பின்னரே தூரிகையைத் தொட்டானாம். பத்து இரவுகள் வீண்போகவில்லை என்றே எண்ணுகின்றேன்.