குசினி திருத்தமுன்

கடந்த மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். கடன்பட்டுக் குசினி திருத்தியிருந்தார்கள். சுவரெல்லாம் மாபிள், புது காஸ் அடுப்பு. வீட்டுக்கார அக்காவோ பின்வளவில், தறப்பாளின் கீழ் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"காஸ் தேத்தண்ணிக்கு மட்டும்தான் தங்கச்சி. சோறு கறிக்கு இதுதான்" என்றவருக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

அழகில்லை என்று பழைய புகைக்கூட்டை இடிப்பித்தவர் மகன். 2022இல் காஸுக்கு நாம் வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டாரா? மேடையும் மேசனின் உயரத்துக்கு! அக்கா பலகைக்கட்டையில் ஏறி நின்றுதான் மரக்கறி வெட்டுகிறார்.

சகோதரிகளே, மேசன் அளவெடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். முழங்கையை மடித்துப் பாருங்கள். அதற்கு 4, 5 அங்குலம் கீழே மேடை வரட்டும். விறகடுப்புக்கு உள்ளேயே ஒரு மூலை வேண்டும். புகைக்கூடு முகட்டுக்கு மேலே 2 அடியாவது போகவேண்டும், யன்னலும் வேண்டும். காஸ் சிலிண்டரை அந்த மூலைக்குக் கிட்டவும் வைக்காதீர்கள். காஸ் காற்றிலும் கனமானது. கசிந்தால் நிலத்தோடு படர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

அக்காவின் குசினியில் இன்னமும் ஒரு மூலை வெறுமையாகத்தான் இருக்கிறது. மாபிளை உடைக்க மகன் சம்மதிக்க வேண்டுமாம். அவருடன் பேச ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.