பின்படிக்கட்டைப் பார்

பழைய கட்டடக்கலைப் பத்திரிகைகளைத் தூசி தட்டிப் படிப்பது ஆர்க்கிடெக்ட்டுகள் மத்தியில் ஒரு மோஸ்தராகியிருக்கிறது. இன்றைய கண்ணாடிப் பெட்டிக் கட்டடங்களுக்கு மாற்று அந்தப் பக்கங்களில் கிடைக்குமாம். வெயில் தடுப்பு, காற்றோட்டம், முற்றம் எல்லாம் அதில் உண்டு. படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் எதைப் படிக்கிறார்கள்? முகப்புப் படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். கீழே சின்னதாக அச்சிட்டிருக்கும் வீட்டு பிளானை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. சாதி ஒளிந்திருப்பது அங்கேதான்.

1930களின் பம்பாய் அடுக்குமாடிகளை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கட்டடக்கலைஞர்களின் அமைப்பு 1934இல் தனக்கென ஒரு பத்திரிகை தொடங்கி, 1937இல் பம்பாயில் 'லட்சிய வீடு' கண்காட்சி நடத்திய காலம். முன்னால் வளைந்த பால்கனி. பின்னால் கக்கூஸ் வாசலுக்கு ஒரு தனிப் படிக்கட்டு. வீட்டுக்காரனுக்கு அது எதற்கு? தோட்டி கூடத்துக்குள் கால் வைக்காமல் ஏறி, கழுவிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போக. ஊர்த் தெருவுக்குப் பின்னால் தோட்டிச் சந்து விட்டவர்கள், பட்டணத்தில் அதையே நிமிர்த்தி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இதற்குப் பேரு நவீனமாம்!

அடுத்து 'மார்க்'. 1946இல் பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்த் தொடங்கியது. நவீனக் கட்டடக்கலை ஆய்வுக்குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயர். வழி என்றும் பொருள். இதே ஆனந்த்தான் 1935இல் 'அன்டச்சபிள்' நாவலை எழுதியவர். மலம் அள்ளும் பாகாவின் ஒருநாள் கதை அது. கடைசியில் அவன் காதில் மூன்று வழிகள் விழுகின்றன: ஏசு, காந்தி, தண்ணீர் விட்டால் மலத்தை அடித்துப் போகும் இயந்திரம். ஆக, புதிய கட்டடக்கலைக்கு வழிகாட்ட வந்த பத்திரிகையின் ஆசிரியருக்கு கக்கூஸின் அரசியல் தெரியும். அப்படியிருந்தும் என்ன நடந்தது?

1961 டிசம்பரில் மார்க் சண்டிகருக்குத் தனி இதழ் போட்டது. லெ கார்புசியேயின் கான்கிரீட்டைப் புகழாத ஆளில்லை. அந்நகரின் அரசு வீடுகளோ பதவி வாரியாக 13 வகை. உச்சியில் அமைச்சர், அடியில் பியூன். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை இதைவிடத் துல்லியமாக வரைய முடியுமா? அந்தக் கான்கிரீட்டைத் தலையில் சுமந்த கூலிச்சனத்துக்கு 13இல் ஒன்றிலும் இடமில்லை. குடிசை போட்டுக் கிடந்தார்கள்.

பியூன் வீட்டுக்கும் தண்ணீர்க் கக்கூஸ் வைத்தார்கள். அதை மறுக்கவில்லை. பாகா கேள்விப்பட்ட இயந்திரம் வந்துவிட்டது. ஆனா பீ எங்க போச்சு? பிளானில் குழாய் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு அப்பால் சாக்கடை, மேன்ஹோல், செப்டிக் டேங்க். அங்கே அடைத்துக்கொண்டால் இறங்குவது யார்? பாகாவின் பேரப்பிள்ளைகள்தான். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் கொடு என்றது 2014இல் உச்ச நீதிமன்றம். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. நிவாரணத் தொகைதான் ஏறியது. சாவு நிற்கவில்லை.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று சொல்லிவிட முடியாது. இன்றைய அபார்ட்மென்ட் பிளானை விரித்துப் பாருங்கள். வேலைக்காரம்மாவுக்குத் தனிக் கக்கூஸ், 'சர்வீஸ் லிஃப்ட்'. பழைய பின்படிக்கட்டுக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனவே பழைய பத்திரிகைகளைத் திறக்கும் தோழர்கள் பின்பக்கத்திலிருந்து படிக்கட்டும். இந்த வீட்டை யார் கட்டினார்கள், யார் கழுவினார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று ஒவ்வொரு பிளானையும் கேட்கட்டும். பிறகு தங்கள் சொந்த வரைபடத்துக்கு வரட்டும். செப்டிக் டேங்கை ஓரத்தில் ஒரு கட்டமாகக் கிறுக்கிவிட்டுப் போவது குற்றம். லாரிக் குழாய் எட்டும் இடத்தில் திறப்பு வேண்டும். எந்த மனுசனும் உள்ளே இறங்கத் தேவையில்லாதபடி அதை வடிவமைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே வாசல், எல்லாருக்கும் ஒரே லிஃப்ட். இது அழகியல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

மொதல்ல மதிலைத் தாண்டிக் குழாய வரைஞ்சு காட்டுங்க. அப்புறம் ஒங்க முகப்பப் பாக்குறோம்.