ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் ‘இக்ரா’ ரத்தப் பரிசோதனை செய்து காசநோய்க் கிருமியைத் தேட வேண்டும் என்ற யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியின் புரதத்தைக் கண்டதும் ரத்த அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை சரிந்தவரின் ரத்த அணுக்களுக்கு அந்தத் தெம்பு இருக்காது. அதிக ஆபத்தில் இருப்பவருக்கே ‘நெகட்டிவ்’ என்ற பொய்யான நிம்மதி கிடைக்கும். ‘பாசிட்டிவ்’ வந்தாலும் கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று அது சொல்லாது.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, ஒரே அறையில் பலர் தங்கும் திருப்பூரில் தொற்று மீண்டும் மீண்டும் வரலாம். அதனால்தானே திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறோம் என்பார்கள். இன்றைய முடிவு அடுத்த மாதத் தொற்றைத் தடுக்காது. காசநோய்த் தடுப்பு மாத்திரை ஓரளவு தடுக்கும். தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து எடுப்போருக்கு 12 மாதம் ஐசோனியாசிட் மாத்திரை கொடுத்தபோது காசநோய் 37% குறைந்தது. பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டுமே பயன் என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை (2014). போட்ஸ்வானா ஆய்வு வேறு மாதிரி சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே எல்லோரும் முதல் 6 மாதம் மாத்திரை எடுத்திருந்தார்கள். அதை 36 மாதம் வரை நீட்டிக்கலாமா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. தமிழ்நாட்டில் நடந்த ஆய்விலோ (2012) 6 மாதச் சிகிச்சையும் 36 மாதச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்க இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மாத்திரையால் வரும் கல்லீரல் பாதிப்பு பற்றிய அச்சம் நியாயமானது. குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை பற்றி விசாரித்து, கை கால் மரத்துப்போகாமலிருக்க பி6 சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் சிடி4 குறைவாக இருந்து நெகட்டிவ் வந்தவருக்கு, எதிர்ப்புச் சக்தி தேறியபின் ஒருமுறை மறுசோதனை செய்வதிலும் தவறில்லை. அதை ஆண்டுச் சடங்காக்கினால், ஒருமுறை பாசிட்டிவ் ஆனவரிடம் மறுபடி கேட்க எதுவுமில்லை. மற்றவர்களில் எல்லைக்கோட்டருகே இருப்பவர்களின் முடிவோ தானாகவே மாறி மாறி வரலாம்.

அந்தப் பணத்தில், மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்கலாம். ஒன்று இருந்தாலும் சளியைச் சோதிக்கலாம். வாரம் ஒருமுறையென 12 வாரத்தில் முடியும் தடுப்பு மருந்து, தீபாவளிக்கு பீகாருக்கோ ஒடிசாவுக்கோ ரயிலேறும் தொழிலாளிக்குத் தோதானது. அவர் போகும் ஊரின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு எத்தனை வாரம் மருந்து முடிந்தது என்ற தகவல் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும்.