தொண்டும் தேச சஞ்சாரமும்

நம் கரிசல் சீமையிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பெரும்பாலும் பிழைப்பைத் தேடிச் சென்றவர்களே. இப்போது வேறொரு வகைப் பிரயாணமும் நம் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்திருக்கிறது. கட்டணம் செலுத்தி, அயல்நாட்டில் சில வாரங்கள் தொண்டு புரிந்து, அந்நாட்டுக் காட்சிகளையும் கண்டு திரும்பும் பிரயாணம் அது. அதற்குச் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து உதவலாமா என்று பசுவந்தனை வட்டாரத்து அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். நம் கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம்.

தொண்டுக்குச் சென்றவன் ஊர் பார்க்கலாகாது என்பது நம் கட்சியன்று. 1961-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற சமாதானப் படையின் நோக்கங்கள் மூன்று. பயிற்சி பெற்றவரை அனுப்பி உதவுவது ஒன்று. தம் நாட்டாரைப் பிறரும், பிறரைத் தம் நாட்டாரும் அறியச் செய்வது மற்ற இரண்டு. ஆயினும் அத்தொண்டர்கள் பொதுவாக இரண்டாண்டுகள் தங்கிப் பணியாற்றினர். 1976 வரை நம் நாட்டிலும் இருந்தனர். அறிதலுக்குக் காலம் வேண்டும்.

காலத்தோடு ஊராரின் இசைவும் வேண்டும். 1920-இல் சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் பியேர் செரசோல், போரில் இடிந்த பிரெஞ்சுக் கிராமமொன்றைச் சீர்செய்யத் தொண்டர்களுடன் சென்றார். குழுவில் ஜெர்மானியர் இருந்தமை அங்கே ஒவ்வவில்லை. சில மாதங்களில் வேலை நின்றது. அவரே 1934-இல் பீகார் பூகம்பத்துக்குப் பின் நம் நாட்டுக்கு வந்து, வீடிழந்தோருக்குக் கிராமங்கள் அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

நம்மையே விருந்தளிப்போராக எண்ணிப் பார்ப்போம். அயலார் ஒருவர் பசுவந்தனைக்கு வந்து கைலாசநாதரைத் தரிசிக்கிறார். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும், கழுகுமலையில் பாறையைக் குடைந்த வெட்டுவான் கோயிலையும் காண்கிறார். மகிழ்ச்சியே. ஆனால் கோடையில் வெடிக்கும் கரிசல் மழையில் ஏர் கொள்ளாத சேறாவதையும், அதனாலேயே நம்மவர் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதையும், தறிக்குழியில் கால் வைத்தவர் பொழுது சாயும்வரை எழாதிருப்பதையும் காணாதவர் நம்மைக் கண்டவராவாரா? அவர் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க, நம் கொத்தனார் கூலியின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பாராயின், அது தொண்டாகுமா? நமக்கு ஒவ்வாததை நம் பிள்ளைகள் பிறர் ஊரில் செய்தல் தகாது.

ஆகையால் நம் முடிவு இது. சில வாரக் காட்சிப் பிரயாணத்துக்கு, தறியிலும் களத்திலும் சேர்ந்த பொது நிதியைத் தொடலாகாது. விரும்புவோர் சொந்தப் பணத்தில் சென்று வரட்டும். கைத்தொழில் ஒன்றைக் கற்றவர், அங்குள்ளோர் கேட்டழைத்ததன் பேரில், நீண்ட காலம் தங்கச் செல்வாராயின் சங்கம் உதவலாம். செலுத்தும் கட்டணம் யார் கைக்குப் போகிறது என்பதை முன்னரே விசாரித்தறிதல் அவசியம். திரும்பியதும் பொதுக்கூட்டத்தில் கண்டதைக் கூறுவதும் கடமையாகட்டும்.

இங்கிலாந்து செல்பவர் லண்டன் மாளிகைகளோடு ராச்டேல் நகரின் டோட் லேனையும் கண்டு வரட்டும். நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் 1844-இல் சிறு கடையாகத் தொடங்கிய கூட்டுறவு அவ்விடத்தது. அக்கடை எவ்வாறு நிலைத்தது என்று நம்மவருக்கு எடுத்துரைத்தால், அந்தப் பிரயாணத்தின் பயன் நம் அனைவருக்கும் உரியதாகும்.